அவருக்குப் புதன், எனக்கு வெள்ளி

ஏப்ரல் 22, 2012, ஞாயிறு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் குன்றத்தூரில் சித்தி வீட்டில் காத்திருக்க, நான் ஒரகடத்தில் கம்பெனி அசெம்பிளி லைனில் வேலையில் நின்றுகொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. எந்த நாள் வரலாம் என்று கேட்டபோது பழைய பழக்கத்தில் ஞாயிறு என்று சொல்லிவிட்டேன். கரண்ட் பற்றாக்குறை என்று கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரத்தை அரசு நிறுத்தியதிலிருந்து எங்களுக்கு வெள்ளிதான் லீவு, ஞாயிறு வேலை நாள்.

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு போய் நின்றேன்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழமகூட வேலையா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளைக்குப் பிள்ளைப்பாக்கத்தில் வேலை. இன்று லீவு போட்டு வந்திருந்தார். "எங்க கம்பெனிக்குப் புதன்கிழமை லீவு, உங்களுக்கு வெள்ளி. கல்யாணம் ஆனா ரெண்டு பேரும் என்னிக்கு ஒண்ணா வூட்ல இருப்போம்?"

நான்தான் சொன்னேன். "வீட்டுக்கும்தான் தினம் ராத்திரி கரண்ட்ட நிறுத்துறாக. டிவி ஓடாது. அப்ப பேசிக்கிடலாம்."

சித்தி என் கையைக் கிள்ளினாள். கிள்ளட்டும். அவர் சிரித்ததை நான் பார்த்தேன். கிளம்பும்போது சித்தப்பாவிடம் என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இப்போது ஹாஸ்டலில் கரண்ட் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது அடிக்கிறது. புது நம்பர்.