ஹார்லன் தெருவிலிருந்து அழைப்பு வரவில்லை

மார்ச் 3, 2016, வியாழன்

குற்ற வரைபடம் முடிந்தது. ஹார்லன் தெருவிலிருந்து காவல்துறைக்கு வரும் அழைப்புகள் ஒரே வருடத்தில் பாதியாகக் குறைந்திருக்கின்றன. அங்கே நடந்து ரோந்து போகும் இரண்டு போலீஸ்காரர்களையும் பேருந்து நிலையத்துக்கு மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கேப்டன் பிராண்ட், "புள்ளிவிவரமே சொல்லுது, வேற என்ன வேணும் கொரின்?" என்றார். காவல்துறைக்குப் புள்ளிவிவரம் பார்க்கும் ஏழு வருட வேலையில் இப்படியொரு பாராட்டு இப்போதுதான்.

மார்ச் 10

பகுதிக் கூட்டம். ஹார்லன் தெருவில் சலவைக் கடை வைத்திருக்கும் ஒடெசா டிப்ஸ் எழுந்து நின்றார். "ஏம்மா, நாங்க கூப்பிடறதையே விட்டுட்டோம். கூப்பிட்டா வர ஒன்றரை மணி நேரம். வந்ததும் கூப்பிட்டவங்க வாசல்லயே வண்டிய நிறுத்தி ஊருக்கே காட்டிக்கொடுக்கறது. உன் படத்துல இதெல்லாம் எங்க இருக்கு?" சிலர் சிரித்தார்கள். நானும்தான். குறிப்பில் 'தனிப்பட்ட கருத்து' என்று எழுதினேன்.

ஏப்ரல் 1

ரோந்து மாறியது.

மே 17

ஒடெசாவை அடித்துவிட்டார்கள். பட்டப்பகலில், அவர் கடை வாசலில். துணி துவைக்க வந்த பெண்ணின் பையைப் பிடுங்கியவனைத் தடுக்கப் போயிருக்கிறார். இடது முழங்கை நொறுங்கிவிட்டது. அந்தத் தெருவில் இருக்கும் தேவாலயத்தின் போதகர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் பதிவில் அப்படி ஒரு சம்பவமே இல்லை. யாருமே கூப்பிடவில்லை.

சொன்னாங்களே. எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னாங்களே. சிரிச்சேனே நான் —

மே 19

மருத்துவமனைக்குப் போனேன். ஒடெசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்பவாவது படத்துல ஏத்திக்கிட்டியா?"

ஜூன் 8

அடிபட்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். பெயர்கள் இல்லை, இடமும் நாளும் மட்டும். ஐந்து மாதத்தில் ஹார்லன் தெருவில் பத்தொன்பது பேர். எங்களுக்குத் தெரிந்தது நான்கு.

கேட்ட மூன்றாம் நாளே கொடுத்துவிட்டார்கள். மார்ச்சிலேயே ஏன் கேட்கவில்லை? கையிலிருந்த விடை எனக்குப் பிடித்திருந்தது. வேறென்ன.

ஜூன் 10

கேப்டன்: "வெளிய சொன்னா உன் பேருதான் கெடும்."

"கெடட்டும் சார்."

ஜூன் 16

அதே கூட்டம். தவறு என்னுடையது என்று எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். ரோந்து திரும்பி வருகிறது. கூப்பிட்டவர் வாசலில் இனி வண்டி நிற்காது. ஒடெசா வரவில்லை.

அக்டோபர் 20

செப்டம்பரில் ஹார்லன் தெருவிலிருந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர் ஒரே ஒருவர். அழைப்புகளோ இரண்டு மடங்கு. மேயர் அலுவலகத்தில் பதறிப்போய், "குற்றம் கூடிடுச்சா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க, நம்பிக் கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க" என்றேன்.

ஒடெசாவிடம் சொல்லப் போனேன். கடையில் வேறு ஆள். டொலீடோ நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விட்டாராம். எண் வாங்கிப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தத் தெருவுக்கு நல்லதும்மா" என்றார். கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.