மூன்றாவது அச்சு

பிப்ரவரி 9

செடி விற்பவருக்கு நாங்கள் செய்து கொடுத்த மூன்று சக்கர சைக்கிள் இன்று எங்கள் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. மெதுவாகத்தான் திரும்பினார். டக்கென்று ஒரு சத்தம். பின்பக்கத்து வலது சக்கரம் தனியாக உருண்டு போய்ச் சுவரில் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும். "ரெண்டு தொட்டி போச்சு, அவ்வளவுதான்" என்று அவரே எங்களைத் தேற்றினார்.

அண்ணன் பின் அச்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். பேரிங் உட்காருவதற்காக அச்சு மெலியும் இடத்தில் முறிந்திருக்கிறது. அந்த மூலையை வளைவாக விட்டிருக்க வேண்டும். நான் கூர்மையாக வெட்டும்படி வரைந்திருக்கிறேன். அண்ணன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், படத்தை மடித்து வைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

அதே படத்தில் செய்த இன்னும் இரண்டு வண்டிகள் வெளியே ஓடுகின்றன.

பிப்ரவரி 10

நூலகரின் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம். வீடு, நூலகம், இது தவிர அவர் எங்கும் போவதில்லை. பாரமும் கிடையாது. அப்படியிருந்தும் அதே இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது.

மற்றது தையல்கார அக்காவுடையது. பின்பெட்டியில் தையல் மெஷினையே ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர். எவ்வளவு பாரம்!

அவருடைய போன் அணைந்திருக்கிறது.

பிப்ரவரி 11

இன்னும் அணைந்துதான் இருக்கிறது. அவர் வீட்டுக்கே போனோம். பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "மலை மேல அவங்க தங்கச்சி வீட்டுக்குத் தைக்கப் போயிருக்காங்க. நாளைக்கு வந்துடுவாங்க. போகும்போது வேன்ல ஏத்திக்கிட்டுப் போவாங்க, வரும்போது ஓட்டிக்கிட்டே இறங்குவாங்க. அந்த இறக்கத்துக்காகவே போறாங்களோ என்னமோ." சிரித்தார்.

அவருக்கு இடது காலில் பலம் கிடையாது, பெடலில் நிற்காமல் நழுவும். அதற்காக நான்தான் பட்டை வைத்துக் காலைக் கட்டிக்கொள்ளும்படி செய்தேன். அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன். இப்போ சக்கரம் கழண்டா குதிக்கக்கூட முடியாதே — கட்டிப்போட்டு அனுப்பியிருக்கேனே.

அண்ணன் தெரிந்தவரிடம் வேன் கேட்டிருக்கிறான். காலையில்தான் கிடைக்குமாம்.

பிப்ரவரி 12

இன்னும் அந்த மலைச்சாலையே கண்ணில் ஓடுகிறது. எழுதினால் நிற்குமா பார்க்கிறேன்.

பாதி மலை ஏறியிருப்போம். எதிர் வளைவிலிருந்து அவர் வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு. எதிரே வரும் எல்லா வண்டிக்கும் கை காட்டுவார் போலிருக்கிறது, எங்களுக்கும் காட்டிவிட்டுப் போய்விட்டார். யாரென்று பார்க்கவில்லை.

அண்ணனின் கை ஹாரனுக்குப் போனது. பிடித்து இழுத்தேன்.

"அடிக்காத. திடுக்கிட்டுப் பிரேக்கைப் பிடிச்சாங்கன்னா?"

பின் பிரேக் அந்த அச்சில்தான் இருக்கிறது. ஒரேயடியாக அழுத்தினால் மொத்த வேகமும் அந்த விரிசலில் இறங்கும். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அகலமான இடம் தேடி வேனைத் திருப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு அவர் பின்னாலேயே இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் வலது சக்கரம் பள்ளத்தின் பக்கம். லேசாக ஆடுகிறதா, என் கண்தான் ஆடுகிறதா? ஒரு வளைவில் அவர் பாட்டுப் பாடுவது கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன்.

கீழே ஓரிடத்தில் சாலை கொஞ்சம் மேடேறும். அங்கே அவருடைய வேகம் தானாகவே குறையும் என்றான் அண்ணன். மெல்ல அவரைத் தாண்டினோம். என்னை அடையாளம் கண்டு நின்றுவிடுவாரோ என்று இருக்கைக்கு அடியில் குனிந்துகொண்டேன். மேட்டில் வேனை ஓரம் கட்டி நின்றோம். அவர் வருவதற்குள் — அந்த நேரத்தை எழுத வரவில்லை.

வந்தார். மேட்டில் வேகம் செத்து, மிதித்து மிதித்து, எங்கள் பக்கத்தில் தானாகவே நின்றார்.

"என்ன, ரோட்டுல நின்னு வண்டி விக்கிறீங்களா?"

சொன்னேன். ஒன்று விடாமல். சிரிப்பு போய்விட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாளாச்சுக்கா. போன் போட்டுக்கிட்டே இருந்தோம்."

"மூணு நாளும் இதுலதான் என் தங்கச்சி பிள்ளைங்கள உக்கார வச்சு சுத்திக் காட்டினேன்."

"படம் வரைஞ்சது நான்க்கா. தப்பு என்னோடதுதான்."

"மெஷினை இறக்கு" என்றார். வண்டியையும் வேனில் ஏற்றி அவரை வீட்டில் விட்டோம்.

பிப்ரவரி 13

அக்கா வண்டியின் அச்சை வைஸ் பிடியில் இறுக்கி அண்ணன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். ஒரே தட்டுதான். இரண்டாகிவிட்டது.

பட்டறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 21

மூலையை வளைத்து, தடிமனைக் கூட்டி, புது அச்சு மூன்று வண்டிக்கும் மாட்டியாகிவிட்டது. நூலகர் நன்றி சொல்லி எடுத்துப் போனார். செடி விற்பவர் எனக்கே ஒரு தொட்டி கொடுத்தார்.

தையல்கார அக்கா வந்தார். அச்சைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நீ ஓட்டு. நான் பார்க்கணும்."

வாசலுக்கு வண்டியைத் தள்ளினேன்.

"இங்க இல்ல. மலையில. மெஷினோட."

பிப்ரவரி 22

தூக்கம் இல்லை. கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டேன். சரியாகத்தான் வருகிறது. பழைய கணக்கும் சரியாகத்தானே வந்தது?

பிப்ரவரி 23

ஓட்டினேன்.

முதல் வளைவிலேயே உடம்பு தானாக உள்பக்கம் சாய்ந்தது. இரண்டு சக்கர வண்டியின் பழக்கம். இது நம்மோடு சாயாது. விறைப்பாக நின்று நம்மைத்தான் வெளியே தள்ளும். வடிவமைத்தவளுக்கு இது தெரியும், ஓட்டினவளுக்குப் புதிது. பெட்டியில் மெஷின் கடகடவென்றது. ஒவ்வொரு கடகடவுக்கும் முதுகு சில்லிட்டது. வாய்விட்டு அழுதேன் என்று நினைக்கிறேன். நல்லவேளை, காற்றில் யாருக்கும் கேட்டிருக்காது. இப்படிப் பயப்பட வேண்டிய இடத்தில்தான் அவர் பாடிக்கொண்டு வந்தார்.

பாதி மலை தாண்டியதும் அந்த மேடு வந்தது. நின்றேன். பிரேக்கைப் பிடித்த விரல்கள் விரியவில்லை. வேனில் பின்னாலேயே வந்த அக்கா இறங்கி, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதைத் தேடினாரோ, கிடைத்துவிட்டது போல.

"நகரு" என்றார்.

ஏறி உட்கார்ந்து மிதித்தார். மேட்டைத் தாண்டியதும் மீதி இறக்கத்தில் வண்டி தானாக ஓடி வளைவில் மறைந்தது.

"பின்னாலயே போலாமா?" என்று அண்ணன் கேட்டான்.

போகலாம் என்றுதான் வாய்வரை வந்தது. வேண்டாம் என்றேன்.