சலவைக்குப் போன ஆறு

உன் துணிகளில் மல்லிகை வாசனை அடிக்கிறது. கட்டிலின் மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். அறைக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. பூவின் வாசனை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது துணி துவைக்கும் திரவத்தில் கலக்கிற மல்லிகை. கஞ்சியும் இஸ்திரியும் போட்டிருக்கிறார்கள். விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால், ஏதோ லாட்ஜுக்கு வாங்கிய புதுப் படுக்கை விரிப்பு என்றுதான் நினைப்பார்கள்.

தென்பெண்ணையின் நுரைமேல் நீ விரித்துப் போட்டு எடுத்த துணிகள் இவை. சாம்பல், பழுப்பு, பெயர் சொல்ல முடியாத ஓர் ஊதா என்று கறை ஏறி, காய்ந்தபின் அப்பளம்போல் விறைத்து நின்றவை. நேற்று நடந்த உன் நினைவு நிகழ்ச்சிக்காக இவற்றைச் சலவைக்குப் போட்டுவிட்டார்கள்.

இதைக் கேட்டால் நீ சிரிப்பாயா, காறித் துப்புவாயா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து நான் ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது நமக்கு ஒரே கம்பெனி, ஒரே லைன், ஹாஸ்டலில் ஒரே அறை. ஓசூரை அடுத்த தளிக்கு அப்பால் ரோஜாத் தோட்டம் போடுகிற குடும்பம் உன்னுடையது. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னோடு தமிழ். என் பெயரை நீ கூப்பிட்டதே இல்லை. "ஏ விருதுநகரு, எழுந்திரு, ஷிஃப்டுக்கு வண்டி வந்துடுச்சு" என்று உலுக்குவாய்.

வண்டிகளுக்குப் போகிற வயர்களின் நுனியில் உலோக முனையைக் கடித்துப் பதிக்கும் மெஷின்களில் நாம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது இரைச்சல். நீயோ எந்த மெஷின் எதற்கு முன்னால் அடிக்கிறது, எது பின்தங்குகிறது என்று காதால் பிரித்துக்கொண்டிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கழுவிய தட்டும் ஸ்பூனுமாக உட்கார வைத்தாய். "உங்க மெஷின் எப்படிப் போவுதோ அப்படித் தட்டுங்க. கை என்ன சொல்லுதோ அதான். பாட்டு மாதிரி மட்டும் தட்டாதீங்க" என்றாய். அதுதான் நீ அமைத்த முதல் இசை.

யாரும் யாரையும் பார்க்காமல் தட்டினோம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடம் அப்படியே நம் ஷெட்டாக மாறிவிட்டது. எண்ணெய் வாடையே எனக்கு மூக்கில் ஏறியது. திண்டுக்கல்காரி ஒருத்தி பாதியில் ஸ்பூனை வைத்துவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். "வாரம் முழுக்க உள்ள போனது எல்லாம் திரும்பி மேல வந்த மாதிரி இருக்குக்கா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நீ அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "பாத்தியா, வேலை செய்யுது" என்றாய். வார்டன் வந்து, "இது என்ன ஹாஸ்டலா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று கத்தும் வரைக்கும் நாம் நிறுத்தவில்லை.

அடுத்த ஆண்டே வேலையை விட்டாய். கல்யாணங்களுக்குப் போகும் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தாய். கிருஷ்ணகிரியில் ஒரு வரவேற்பில், ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்து, மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டி ஊட்டி முடிக்கும் வரை விடவேயில்லை என்று மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு பெங்களூர். அங்கே உன்னைக் கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் முதல் நிகழ்ச்சிக்கே அதை ஏற்பாடு செய்த அம்மாள் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? கம்பெனி யூனிஃபாரத்தில் வந்து மேடையேற முடியுமா என்று கேட்டாராம். போனில் என்னிடம் கொட்டித் தீர்த்தாய். "இவங்களுக்கு நான் வேணாம். என் சட்டைய ஹாங்கர்ல மாட்டி மேடையில வெச்சாப் போதும், கை தட்டிடுவாங்க."

வெளிநாட்டுக்கும் போய் வந்தாய். அட்டை, தகரம், நெகிழிக் கூரை எல்லாவற்றிலும் சத்தம் செய்தாய், படம் வரைந்தாய், துணி தைத்தாய், வெறும் உடம்பை அசைத்து ஒரு மணி நேரம் கூட்டத்தை உட்கார வைத்தாய். நீ இசையமைப்பாளரா, ஓவியரா, நடிகையா என்று உன் தம்பிக்குக் கடைசி வரை சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான். திரும்பி வந்தபோது கேட்டேன், அங்கே எப்படி என்று. "எல்லாரும் ரொம்ப நல்லாக் கேக்குறாங்க. யாருக்கும் கோவமே வர்றதில்ல. நமக்கு ஆவாது" என்றாய்.

அப்போதுதான் ஆற்றைப் பிடித்தாய். பெங்களூர்க் கழிவோடு எல்லை தாண்டி வரும் தண்ணீர் மழைக்குப் பிறகு நுரையைத் தள்ளிக்கொண்டு வந்து பாலத்தின் மேலேயே ஏறி நிற்கும். பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நீ இறங்கிப் போனாய். முழங்கால் வரை அதில் நின்று துணிகளை விரித்தாய். தண்ணீருக்குள் இறக்குகிற மைக்கை நுரைக்கு அடியில் விட்டாய். கரையில் கீரை போடும் நாகம்மாக்கா உன்னைப் பார்த்து, தெலுங்கில் தொடங்கி, கன்னடத்தில் ஏறி, தமிழில் முடிகிற ஒரு வசவை அவிழ்த்துவிட்டாள். உன்னையில்லை, ஆற்றை இப்படி ஆக்கியவர்களை. அதை அப்படியே பதிவு செய்தாய். உன் காலில் சொறி வந்து மாதக்கணக்கில் ஆறவில்லை.

இவற்றை வைத்து நீ செய்த நிகழ்ச்சியை ஓசூரில் முதன்முதலில் நடத்தியதும், நேற்று உனக்கு நினைவு நிகழ்ச்சி நடத்திய இதே கலை மன்றம்தான். கறைத் துணிகளைக் கூடம் முழுக்கத் தொங்கவிட்டு, நடுவில் பானை பானையாக ஆற்றுத் தண்ணீரைத் திறந்து வைத்தாய். நுரை வெடிக்கும் சத்தம் பெரிதாகி, நாகம்மாக்காவின் குரல் எழுந்தபோது முன்வரிசை விருந்தினர்கள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். மன்றத்தின் செயலாளர் நிகழ்ச்சியை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்.

"கலைன்னா மனசுக்கு இதமா இருக்கணும்மா. இது என்ன, சாக்கடை?"

"சாக்கடை இல்ல சார். நம்ம ஆறு."

அன்றிரவு பாகலூர் ரோட்டு டீக்கடையில் நான் அழுதுகொண்டிருந்தேன். நீ பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே, "எல்லாரும் ஒண்ணா மூக்கப் பொத்துனாங்க பாரு! ஒரு கூட்டத்த இப்படி ஒரே தாளத்துல நான் அசைய வெச்சதே இல்ல" என்றாய்.

போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. நீ போனதும் எல்லோருக்கும் உன்னைப் பிடித்துப்போயிற்று. இந்த மண்ணின் மகள் என்றார்கள். உன்னைச் சாக்கடை என்றவரே நினைவு நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கினார்.

நேற்று மாலை நான் போனபோது கூடத்தில் துணிகள் வெள்ளை வெளேரென்று தொங்கிக்கொண்டிருந்தன. முதலில் வேறு துணி என்றே நினைத்தேன். கிட்டே போய், நீ ஓரத்தில் போட்டிருந்த சிவப்புத் தையலைப் பார்த்த பிறகுதான் இவை உன்னுடையவை என்று தெரிந்தது. பானைகளில் பன்னீர். மேலே ரோஜா இதழ்கள். உன் ஒலிப்பதிவில் நுரைச் சத்தத்தைக் குறைத்து, மேலே புல்லாங்குழல் ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். விருந்தினர்கள் பானைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் இது?" என்றேன் செயலாளரிடம்.

"ஒரிஜினல்ல கொஞ்சம் நெகட்டிவ் வைப் இருந்துச்சு மேடம். நாங்க பாசிட்டிவா மாத்திட்டோம். துணியெல்லாம் எவ்ளோ அழுக்கு தெரியுமா? லாண்டரிக்காரன் தனி ரேட் கேட்டான்."

அவர் பெருமையோடுதான் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

உன் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. ஃப்ரேம் போடணும்னு வாங்கிட்டுப் போனாங்க. துவைப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றான். கண் கலங்கியிருந்தது.

பின்வரிசையில் நாகம்மாக்கா நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் எழுந்து நேராகச் செயலாளரிடம் வந்தாள்.

"ஏம்பா, நான் திட்டுனது எங்க? காணோமே."

"அதுல கெட்ட வார்த்தை இருந்துச்சும்மா. லேடீஸ் எல்லாம் வர்றாங்க இல்ல?"

"அப்ப நான் யாரு?"

அவர் சிரித்து மழுப்பிவிட்டு, உன் தோழி என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார். நான் மைக்கைப் பிடித்து, "இந்தத் துணிகள் நாறின. நாற வேண்டும் என்றுதான் அவள் இவற்றைச் செய்தாள். நீங்கள் அவளைத் துவைத்துவிட்டீர்கள்" என்றேன். அதற்குமேல் பேசுவதற்குள் மைக் செத்துப்போனது. நான் முடித்துவிட்டேன் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. முகத்தில் யாரோ எச்சில் துப்பியதுபோல் இருந்தது அந்தக் கைதட்டல்.

நாற்காலியைப் போட்டு ஏறித் துணிகளை அவிழ்த்தேன். தம்பி கீழே நின்று வாங்கிக்கொண்டான். யாரும் தடுக்கவில்லை, நிகழ்ச்சி முடிந்து எடுத்து வைக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். வாசலில் ஒருவர் பிளாஸ்டிக் பைகூடத் தந்தார்.

ஆட்டோவுக்குக் காத்திருக்கையில் நாகம்மாக்கா ஒரு துணியை எடுத்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"இதுக்குப் போயி ஏன் பாப்பா அழுவுற? ஆறு எங்கயாச்சும் போயிடுச்சா? நுரை அங்கயேதான் இருக்குது. திரும்பப் போட்டா ஏறிக்கும்."

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நேற்று கேட்டதிலேயே அதுதான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. நீ செத்துப்போனாய். உன் கறைகளை அழித்துவிட்டார்கள். ஆனால் அவற்றைச் செய்து தருவதற்கு ஆறு இன்னும் தயாராகப் படுத்துக் கிடக்கிறது.

உன் துணிகளை நான் அதில் போட மாட்டேன். எங்கே விரிப்பது, எப்போது எடுப்பது என்பது உன் கைக்குத்தான் தெரியும். இவை இப்படியே வெள்ளையாக இருக்கட்டும். உனக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

உன் இசை எனக்குப் புரிந்தது என்று இன்றும் சொல்ல முடியாது. குமட்டினால் முகத்தைத் திருப்பாமல் அங்கேயே நிற்க வேண்டும் என்பது மட்டும் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நாளை எனக்கு விடுமுறை. காலையில் ஆற்றுக்கு வருகிறேன் என்று நாகம்மாக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நுரைமேல் விரிக்க, பீரோவிலிருந்து என் பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன்.