குதிரை பேசிய கொட்டகை

பிப். 6, வியாழன்

காலையில் பனி. நேற்றுத் துவைத்த பாவாடை இன்னும் ஈரம். பள்ளிக்கூடம் கிடையாது, எனக்கு மட்டும். கதவுக்குப் பின்னால் நின்று தலைமை ஆசிரியை குரலில் "பத்தாம் வகுப்பு வீட்டுக்குப் போகலாம்" என்றேன். போய்விட்டார்கள். அவ்வளவுதான். திங்கள்வரை வராதே என்று உத்தரவு. தண்டனையா பரிசா, தெரியவில்லை.

வீட்டில் என்னைத் திட்ட யாருக்கும் நேரமில்லை. எல்லாரும் அண்ணனைத் திட்டுகிறார்கள். அண்ணன் இப்போது கம்பெனி. நவலோகம் பிலிம்ஸ். ஆஸ்தி: ஒரு சைக்கிள், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு அண்ணன். சிட்டியில் ஓடி முடித்த வெளிநாட்டுப் படங்களை வாங்கி வந்து ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து டூரிங் கொட்டகைகளில் ஓட்டுவது. இங்கே இதுவரை யாரும் செய்யாதது. ஏன் செய்யவில்லை என்று அம்மா கேட்கிறாள்.

முதல் படம் ஹங்கேரி. அம்மா கணக்கில் பசியேறி. நாளையிலிருந்து ஞாயிறுவரை, வெள்ளானூர் கொட்டகை, முதல் ஆட்டம். அண்ணன் அம்பத்தூர்த் தொழிற்சாலையில் லீவு போட்டிருக்கிறான். திங்கள் ஷிப்டுக்குப் போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே: "கொட்டாய் ரொம்பலன்னா பொட்டிய கட்டிட்டு மிஷினுக்குப் போயிடணும். ரொம்பிச்சின்னா நான் வாயத் தொறக்கல."

அண்ணன் தலையாட்டினான். ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான்.

அப்புறம் எனக்குக் கதை சொன்னான். பனி ஊர். ஒரு கிழவன், மகன், குதிரை. மகன் குதிரையோடு சண்டைக்குப் போகிறான். கிழவன் காத்திருக்கிறான். கடைசியில் குதிரை மட்டும் வருகிறது. சொல்லும்போது மூக்கை உறிஞ்சினான். "ஜலதோஷமாண்ணே?" நங்கென்று ஒரு குட்டு.

பிப். 7, வெள்ளி

சாயங்காலம் அண்ணன் சைக்கிளில் நானும், பின்னால் படப்பெட்டியும். கொட்டகை முதலாளி (இனிமேல் கொ.மு.) வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பாட்டு எத்தினி?"

"பாட்டே கெடையாது அண்ணாத்தே."

"பாட்டு இல்லாங்காட்டி ஜனம் எப்போ ஏந்து டீ குடிக்கும்?"

நியாயம்தான். பாட்டு வந்தால்தான் பாதிப்பேர் எழுந்து வெளியே போவார்கள். டீ, முறுக்கு, பீடி. வெளியே கடை போட்டிருக்கும் அஞ்சலையக்கா முகத்தில் இப்போதே எள்ளும் கொள்ளும். பழைய படத்து டான்ஸ் ஒன்றை நடுவில் ஒட்டித் தருகிறேன் என்றார் கொ.மு. அண்ணன் மாட்டேன் என்றான். "அது வேற கதை அண்ணாத்தே."

பாஷை புரியாதே என்று மைக்கில் கதை சொல்ல நாடகக்காரர் கோதண்டத்தை அழைத்திருந்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தோ! பனி சூழ்ந்த நாட்டிலே பரிதவிக்கும் முதியவனைப் பாரீர்!"

மணல் தரையிலிருந்து ஒருத்தன்: "யோவ், படம் போடச் சொன்னா பாடம் நடத்துற!"

மூன்றாவது ரீலில் பாதிக் கொட்டகை காலி. கடைசிவரை பார்த்தது: சில வாண்டுகள், ஒரு நாய். நாய்க்குப் பிடித்திருந்தது.

கொ.மு.: "நாளிக்கும் இப்டின்னா ஞாயித்துக்கெயமை சாமி படம் போட்டுக்குறேன். கோச்சுக்காத."

பிப். 8, சனி

கோதண்டம் வரவில்லை. மானஸ்தர். ஆபரேட்டர் அறையில் அண்ணன், மிஷின், மைக், நான். ஓட்டை வழியே பார்த்தேன். கூட்டம் சொற்பம்.

முதல் ரீலிலேயே விசில். அண்ணன் மைக்கை எடுத்தான். "இவரு வந்து... அப்பா... அதாவது பையனுக்கு அப்பா..." ஒரே கூச்சல். திரையில் மணலை வாரி அடித்தார்கள். அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது.

மைக்கைப் பிடுங்கினேன். கிழவன் குரல்: "இன்னாமே குதிரே, கொள்ளு துன்னியா?"

குதிரை குரல்: "எங்க நைனா? பனியில கொள்ளும் இல்ல, புல்லும் இல்ல. உம் மூஞ்சிதான் கீது."

கொட்டகையே சிரித்தது. ரீல் மாற்றும்போது குதிரை சொன்னது: "தொண்ட காஞ்சி பூட்ச்சி. அஞ்சலையக்கா, ஒரு டீ!" அத்தனை பேரும் வெளியே ஓடினார்கள். டீ தீர்ந்தே போயிற்று.

கடைசி ரீல். குதிரை தனியாக வருகிறது. நான்: "நைனா, உம் புள்ளைய வய்யில எறக்கி உட்டேன். பஸ்ல வந்துகினு கீறான்."

கைதட்டல். கிழவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அண்ணன் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு ரீல் சுற்றிக்கொண்டிருந்தான்.

வழியெல்லாம் பேச்சில்லை. திருமுல்லைவாயில் கேட்டில் ரயிலுக்காக நின்றபோது மட்டும், "நல்லா சிரிச்சாங்க" என்றான்.

அதைவிட ஒரு குட்டு வைத்திருக்கலாம்.

பிப். 9, ஞாயிறு

சோறு இறங்கவில்லை. அம்மா வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினாள். வயிற்றில் இல்லை கோளாறு.

சாயங்காலம் கொட்டகை வாசலில் கால் வைக்க இடமில்லை. கொ.மு. வண்டி கட்டி, "பேசும் குதிரை!" என்று ஊரெல்லாம் விளம்பரத் தட்டி வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "பாப்பா, அந்த பஸ் டயலாக்க மறந்துடாத. பாதி ஜனம் அதுக்குத்தான் வந்து கீது. இல்லாட்டி கொட்டாய பிரிச்சிடுவானுங்க."

அண்ணனிடம்: "கடைசி ரீல்ல இன்னாண்ணே சொல்லட்டும்?"

"உன் இஷ்டம். கொட்டாய் ரொம்பினா போதும்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

குதிரை பேசியது. கிழவன் பேசினான். டீக்கு இரண்டு தடவை அனுப்பினேன். சிரிப்பில் கீற்று அதிர்ந்தது. வாய் தானாக ஓடியது.

கடைசி ரீல். பனியில் ஒரு கறுப்புப் புள்ளி. கிட்டே வர வரக் குதிரை.

மைக் சுவிட்சை அணைத்தேன்.

"குதிரே! பேசு!" "பஸ் எங்கமே?" விசில். ஒரு செருப்பு பறந்து திரையில் பட்டது. வெளியே கொ.மு. கதவைத் தட்டுகிறார். "மைக்கப் போடு பாப்பா! போடு!" தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஓட்டை வழியே திரையைப் பார்த்தேன்.

கிழவன் வெளியே வருகிறான். காலிச் சேணத்தைப் பார்க்கிறான். குதிரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறான். வெறும் பனி.

"ஏய் குதிரே..."

டீத் தூக்கோடு ஓரத்தில் நின்ற அஞ்சலையக்கா கத்தினாள்: "டேய், கம்முனு கெட. அவன் புள்ள வரலடா."

அதற்குமேல் மிஷின் சத்தம் மட்டும். கிழவன் சேணத்தை அவிழ்த்தான். குதிரையை வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனான். கதவு மூடியது.

விளக்குப் போட்டதும் தாழ்ப்பாளை விட்டேன். கொ.மு. உள்ளே வந்தார். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம், "அடுத்த வெள்ளிக்கெயமைக்கு வேற ஒண்ணு கொண்டா. பாப்பா பேசட்டும். கடைசில மட்டும் வாய மூடிக்கட்டும்."

பிப். 10, திங்கள்

மறுபடி பனி. பாவாடை காய்ந்துவிட்டது, பள்ளிக்கூடம் போக வேண்டும். மன்னிப்புக் கடிதம் எழுதியாயிற்று. என் சொந்தக் குரலில்.

விடிவதற்கு முன்பே அம்மா டிபன் டப்பா கட்டிவிட்டாள். "நான் மிஷினுக்குப் போவலம்மா" என்றான் அண்ணன். "சிட்டிக்குப் போனா பசிக்காதா?" என்று கையில் திணித்தாள். அப்பா சொன்ன வாக்குத் தவறவில்லை. வாயைத் திறக்கவில்லை. சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்து வைத்திருந்தார்.

அண்ணனுக்கு என்னோடு இன்னும் பேச்சில்லை. பெட்டியைக் கேரியரில் கட்டினான். தெருவில் இறங்கினான். காலை ஊன்றித் திரும்பினான்.

"அடுத்த படத்துல ஒரு கழுதை வருது. அழுவுற சீன்ல வாயத் தொறந்த, பல்லு ஒடையும்."