பெட்டி பொய் சொல்ல மாட்டேன் என்கிறது

அன்பு மகள் மலர்விழிக்கு, கிள்ளானிலிருந்து அப்பா எழுதுவது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாரியம்மா துணை நிற்கட்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அம்மாவுக்கு நெஞ்சுச் சளி இன்னும் விடவில்லை. போன வாரம் போனில் நான் அரைகுறையாகச் சொன்னதற்கே, பெட்டியோட செட்டிங்கை மாற்றிவிடட்டுமா அப்பா என்று கேட்டாய். ஹாலில் நீ வைத்துவிட்டுப் போன பேசும் பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது, அதன் எதிரிலேயே அதைப் பற்றி எப்படிப் புகார் சொல்வது, அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு மறதி வந்த பிறகு ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டாலும் அது சலிக்காமல் தமிழில் பதில் சொல்கிறது, எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனால் சாயங்காலமானால் அண்ணன் வந்துட்டாரா என்று ஆரம்பிக்கிறாள். செமினியில் இருந்த அவள் அண்ணன், உன் அய்யாவு மாமா, கோவிட் சமயத்தில் போய்ச் சேர்ந்தது அவள் நினைவில் இல்லை. லோரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போயிருக்கார், நாளைக்கு வருவார் என்று சொல்லி நான் சமாளித்துவந்தேன், அவளும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். இப்போது என்னை விட்டுவிட்டுப் பெட்டியிடம் கேட்கிறாள். அது பேச்சை மாற்றிப் பார்க்கிறது, உசுரோட இருக்காரா இல்லையா, சொல்லு என்று இவள் பிடிவாதம் பிடித்தால், இறந்துட்டாரும்மா என்று மெதுவாகச் சொல்லிவிடுகிறது. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவு. அழுதுவிட்டு, சாவுச் சேதி கேட்டால் தலை முழுக வேண்டும் என்பது மட்டும் மறக்காமல், நேராகப் போய்த் தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறாள். தடுத்தால், கூடப் பொறந்தவருக்கு இதுகூடச் செய்ய விட மாட்டீங்களா என்கிறாள், பிடித்த கையை விட்டுவிடுகிறேன். பிறகு சளி எங்கே குறையும்.

பெட்டியிடம் கெஞ்சினேன், மிரட்டினேன், நாளைக்கு வருவார்னு ஒரு வார்த்தை சொல்லேன் லா என்றேன். மன்னிச்சிருங்க ஐயா, நேரா கேட்டா பொய் சொல்ல முடியாது என்றது. விளக்கைப் போடு என்றால் போடுகிற சாமானுக்கு இதில் மட்டும் என்ன ரோஷம்? மனுஷன் செய்தது மனுஷன் பேச்சைக் கேட்குமா, தன் இஷ்டத்துக்கு நடக்குமா என்று பக்கத்து வீட்டு லோகனிடம் கேட்டேன். கேக்கும் அங்கிள், ஆனா வாங்குனவங்க பேச்சை இல்ல, செஞ்சவங்க பேச்சை என்றான். கோபத்தில் ஒருநாள் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன், அம்மா வீடு முழுக்கத் தேடி அழுதாள், திரும்ப எடுத்து வைத்தேன். நீ சொன்னபடியே செட்டிங்கில் முடிந்தால் மாற்றிவிடு, மாமா வருவார் என்றே அது சொல்லட்டும் என்று எழுதத்தான் இன்று காலை உட்கார்ந்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்தேன் மகளே. அம்மா என்னைப் பார்த்துச் சுவரோரம் ஒதுங்கி, யாரு நீங்க, எங்க வீட்டுல என்ன பண்றீங்க என்று கேட்டாள். உன் புருஷன்தான் புஷ்பா என்றேன், நம்பவில்லை. கல்யாணப் போட்டோவைக் காட்டினேன், இவரு சின்ன வயசுக்காரரு, நீங்க கிழவரு என்றாள். அவள் பெட்டியின் பக்கம் திரும்பி, இவரு யாரு என்று கேட்டாள். நான் பேசிய குரல் அதற்குத் தெரியும், உங்க வீட்டுக்காரர் பரமேஸ்வரன்மா என்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள், அப்புறம் சோபாவில் நகர்ந்து இடம் விட்டு, சாப்டீங்களா என்றாள்.

அதனால் எதையும் மாற்றாதே மகளே. என் பேச்சைக் கேட்டு அது மாமாவைப் பற்றிப் பொய் சொன்னால், என்னைப் பற்றி அது சொல்வதையும் நான் அவளை எந்த முகத்தோடு நம்பச் சொல்வேன்? அவள் தினமும் அழுவதைப் பார்க்கவும் முடியவில்லை, வேறு வழியும் தெரியவில்லை. சாயங்காலமானால் வெந்நீர் போட்டுக் குளியலறையில் வைத்துவிடுகிறேன், என்னால் ஆவது அவ்வளவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எடுத்தவுடன் உன் பெயரைச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசு. அப்படியும் தெரியவில்லை என்றாள் என்றால் அழாதே, பெட்டியைச் சொல்லச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பரமேஸ்வரன்