முழங்கை மடிப்பில் எடுத்த மாதிரி

என் ரோத்யா,

அப்பாவும் நானும் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிய வேண்டும் என்றே கேட்கிறேன். வெள்ளிக்கிழமை மேலே கிளம்பும் சரக்குக் கலத்தில் இந்தக் கடிதத்தோடு காலுறையும் வருகிறது, உள்ளங்கால் தோல் தகடு தகடாக உரிகிறது என்றாயே, அதற்காக மெத்தென்று பின்னினேன். மாஸ்கோவில் இன்னும் பனி உருகவில்லை, தோட்ட வீட்டுக்குப் போக முடியாமல் அப்பா என்மேல் எரிந்து விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை திரையில் உன்னைப் பார்த்தபோது, உன்னோடு விண்வெளி நிலையத்தில் இருக்கும் கிரில் அரைக்கைச் சட்டையில் இருந்தான், நீ மணிக்கட்டு வரை மூடியிருந்தாய், பேச்சுக்கு நடுவே இடது முழங்கையை மூன்று தடவை தேய்த்தாய்.

சொல்லக் கூடாததைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் நீங்கள் தோலில் ஒற்றி அனுப்பிய மாதிரிகள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தன. பெயர் இல்லை, எண்தான், ஆனால் குழாயின் மேல் உன் கையெழுத்து, ஏழுக்கு நடுவே நீ போடும் கோடு எனக்குத் தெரியாதா. தோலில் பல வகைக் கிருமிகள் கூடி வாழும், உன் முழங்கை மாதிரியை வளர்த்த தட்டில் ஒரே வகைதான், மஞ்சளாக, விளிம்பு வரை. தட்டில் வைக்கும் மருந்து வில்லைகளை விட்டு அது விலகி நிற்க வேண்டும், விலகவில்லை, எந்த மருந்துக்கும் அது சாகவில்லை. இன்னொருவர் தட்டிலும் அதேதான். எங்கள் தலைவி தமாரா, "எழுதி மூடி வை ஜினைதா, அறிக்கை அது பாட்டுக்கு அடுத்த மாசம் போகும்" என்றாள். அது மூன்று மாதத்துக்கு முந்தைய தோல் ரோத்யா. வீட்டில் சொன்னால் அப்பா, "ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கான், நீ வாயத் திறந்தா அவன் கலத்துக்கு வெளிய நடக்கிறது போச்சு" என்கிறார். நேற்று இங்கே கீழே இருக்கும் உங்கள் குழு மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எந்தக் கை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், பட்டியலை எடுத்து வெளியே நடக்கப் போகிறவர்களில் உன் பெயரை அடித்தார். பேனாவை மூடாமலே, "கிரிலுக்கு முந்தாநாள்லேர்ந்து காய்ச்சலுங்க. கால்ல சின்னக் கீறல்தான், பத்து நாளா ஆறல, ரெண்டு மருந்து மாத்திப் பாத்தாச்சு" என்றார். அந்த இன்னொரு தட்டு யாருடையது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நேற்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை.

கிரிலுக்குத் தண்ணீர் கொடு, பக்கத்தில் இரு, அவன் துண்டை மட்டும் தொடாதே. மருத்துவர் கேட்டால் கையைக் காட்டு. கடவுள் உங்கள் எல்லாரையும் முழுசாகத் தரையிறக்கட்டும். என் மேல் வரும் கோபத்தைச் சேர்த்து வை, வந்து நேரில் திட்டு, எவ்வளவு நேரமானாலும் நின்று கேட்கிறேன்.

உன் அம்மா,
ஜினைதா