மஞ்சட்காமாலைச் சான்று

11 சூன் 1974, செவ்வாய்

என்னை நினைக்க எனக்கே குமட்டுகிறது.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: புகுமுக வகுப்பில் மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம். அந்த ஆண்டு ஏரலிலும் திருவைகுண்டத்திலும் தனித்தமிழுக்காக மேடை மேடையாகப் பேசித் திரிந்தேன்; பாடநூலைத் தொடவில்லை. பின்னர் இளம் அறிவியல் பட்டத்தில் முதல் வகுப்புப் பெற்றும் அந்தப் பழைய மதிப்பெண்கள் வழிமறிக்கின்றன. இருபத்தாறு வயதாகிவிட்டது, இதுவே கடைசி வாய்ப்பு. ஆகவே மாலையில் எங்கள் தெரு மருத்துவரிடம் நோய்ச்சான்று கேட்கச் சென்றேன்.

“ஏலே, துறைமுகக் கூட்டத்துல நீ முழங்குனத நானே நின்னு கேட்டேம்லா. இப்போ படுக்கையில கிடந்தேன்னு எழுதணுமாக்கும்?” என்றார். ஆயினும் எழுதத் தொடங்கினார். “ஜாண்டிஸ், மூணு மாசம். போதுமா?”

“ஐயா, மஞ்சட்காமாலை என்று தமிழில் எழுதுங்கள்” என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “பொய்யாவது சுத்தத் தமிழ்ல இருக்கட்டும்னு பாக்கியோ?” என்று கேட்டுவிட்டு, நான் சொன்னபடியே தமிழில் எழுதித் தந்தார்.

பொய் என்னை உறுத்தவில்லை. ஆங்கிலச் சொல் உறுத்தியது. மேடைதோறும் வாய்மை பேசியவன் நான். மருத்துவனாக விரும்பிக் கையில் வாங்கிய முதல் மருத்துவச் சான்றே பொய்.

வீட்டுக்கு வந்து கிழித்துவிட்டேன். கட்டத்தில் ‘மேடைப் பேச்சு’ என்று எழுதினேன். இனி இடம் கிடைக்குமென்று தோன்றவில்லை.

கிழிக்கும் முன் ஒருமுறை படித்தேன், ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று.